அக்காவின் அறையில் கேமரா



நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இரண்டு மாதமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிற 'கேமரா' சண்டைக்குத் தனித்தனியாகப் பதில் போட்டுப் போட்டு என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குழுவில் இல்லாத என் மாணவப் பிள்ளைகளும் படிக்கலாம். உங்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். மீதிப் பாதிப் பேர் வீட்டில் வயசான அப்பாவோ அம்மாவோ இருக்கிறார். எழுதுவதற்கு அக்கா மகனிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டேன். அக்கா பெயரையும் அந்த இடத்தின் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்கள் கமெண்ட்டில் போட்டு உடைக்காதீர்கள்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. உங்களில் பலர் பிறந்ததே அங்கேதான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. தனியாக எழுந்து நடக்க, குளிக்க, சாப்பிட முடியாதவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கியிருக்கும் இடம். ஆஸ்பத்திரியும் இல்லை, நாம் சொல்கிற முதியோர் இல்லமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பெரும்பாலும் ஓர் அறைக்கு இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை.

அக்கா சிகாகோ பக்கம் மகன் வீட்டுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் போன பிறகு ஞாபகம் குறைய ஆரம்பித்தது. பேரப்பிள்ளைகளோடு பேசப் பேசப் பழகிய இங்கிலீஷ் முதலில் போயிற்று. கடைசியாகக் கற்றது முதலில் போகும் போலிருக்கிறது. இப்போது தமிழ் மட்டும்தான், அதுவும் நாங்கள் சின்னப் பிள்ளையில் பேசிய தமிழ். போன வருஷம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். 'மகன் தள்ளிவிட்டான்' என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று: அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போனால்தான் வீட்டுக் கடன் கட்ட முடியும். அரசின் மெடிகேர் காப்பீடு இந்த மாதிரி இடத்துக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 நாள்தான் பணம் கொடுக்கும். அதிலும் முதல் 20 நாள்தான் முழுசாக. அதற்கப்புறம் கைக்காசு, அதுவும் தீர்ந்தால் மெடிகெய்ட். இதற்கு மேல் அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்.

பிரச்சினை தொடங்கியது ஒரு கன்றிப்போன மணிக்கட்டில். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன மகன் கண்ணில் அது பட்டது. "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டால் அக்கா சொன்ன பதில், "ஆச்சி வீட்டுக் கதவுல இடிச்சிட்டேன்." ஆச்சி வீடு இடிந்து நாற்பது வருஷம் ஆகிறது. அங்குள்ள நர்சுகளைக் கேட்டால், யாருக்கும் தெரியவில்லை. பையனுக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. யாராவது முரட்டுத்தனமாகப் பிடித்தார்களா, தானாக இடித்துக்கொண்டாளா? சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு ஞாபகம் இல்லை.

இதே கேள்வியில் மாட்டிய குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்திருக்கின்றன. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வந்திருக்கிறது. முதலில் டெக்சஸ், 2001-இல். பிறகு நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, லூசியானா என்று ஒவ்வொன்றாக. ஒஹையோவில் 'எஸ்தர் சட்டம்' என்று ஒன்று 2022 மார்ச்சில் அமலுக்கு வந்தது. தன் தாய் எஸ்தரை அடிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட ஒரு மகன், 2011-இல் ஒளித்து வைத்த கேமராவில் அதைப் பிடித்துக் காட்டி, பத்து வருஷம் நடையாய் நடந்து வாங்கிய சட்டம் அது. மினசோட்டாவில் 2020 முதல். அங்கே ஒரு விசேஷம் உண்டு. 'சொன்னால் பழிவாங்குவார்கள்' என்று நியாயமான பயம் இருந்தால், இல்லத்துக்குச் சொல்லாமலேயே 14 நாள் வரை கேமரா வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாடு முழுமைக்கும் பொதுவாக இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது.

அக்கா இருப்பது இல்லினாய் மாநிலம். அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த லிசா மேடிகன் முன்னெடுத்த சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருமகன் அனுப்பிய அந்தச் சட்டத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு ராத்திரி படித்தேன். பழைய இங்கிலீஷ் வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேலை? சட்டப் புத்தகம் படித்து மனசு இளகும் என்று நான் நினைத்ததில்லை. இதில் ஓரிடத்தில் இளகியது.

அந்த இடம் இது. டாக்டரே 'இவருக்குப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை' என்று எழுதிக்கொடுத்திருந்தாலும் சரி, பிள்ளைகள் அவருக்காகக் கையெழுத்துப் போடுமுன் அவரிடம் கேட்க வேண்டும். இல்லத்தின் ஊழியர் ஒருவர் முன்னிலையில் கேட்க வேண்டும். என்ன மாதிரிக் கருவி, என்னென்ன கட்டுப்பாடு வைக்கலாம், பதிவை யார் யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம் - இத்தனையும் விளக்கிச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அவர் வாயாலோ ஜாடையாலோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறந்துபோனவள்தானே என்று தாண்டிப் போக முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பல பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளை மட்டும் முடிவெடுக்க மற்றப் பிள்ளைகள் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். மதுரையில் இருக்கிற மகள் அங்கேதான் பிடித்துக்கொண்டாள். "அம்மாவைப் படுக்கையில வச்சுப் படம் பிடிக்கப் போறானா? அம்மா கொடியில உள்பாவாடை காயப்போட்டாக்கூட மேல ஒரு துண்டு போட்டு மூடுறவ" என்று அழுதாள். குழுவில் அவள் மேல் பாய்ந்தவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அவள் சொன்னது உண்மைதான். அக்கா அப்படித்தான்.

சரி, கேட்பது யார்? அங்கே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். ஆனால் முகம் தெரியாதவரிடம் அக்கா பேசமாட்டாள். "சித்தி, நீங்களே கேளுங்க" என்றான். நமக்கு இரவு எட்டரை, அங்கே காலை பத்து. வீடியோ காலில் அக்கா, மகன், அந்த இல்லத்தின் சமூகப் பணியாளர் ஒரு அம்மா.

"ஏட்டி, பள்ளிக்கூடம் போவலையா?"

"இன்னைக்கு லீவுக்கா. உம் மவன் ஒரு காரியம் கேக்கான். உன் ரூம்ல ஒரு கேமரா வைக்கலாமான்னு."

"போட்டோவா? இந்த கவுனோட வேண்டாம்ட்டி. அந்த அரக்குப் பட்டை எடுத்துட்டு வரச் சொல்லு."

போட்டோ இல்லை, டிவி மாதிரி, நீ கட்டிலில் இருப்பதை அவன் வீட்டிலிருந்தே பார்ப்பான், ராத்திரி விழுந்தால் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. புரியவில்லை என்று நினைத்தேன்.

"எந்நேரமுமா பாப்பான்?"

"எந்நேரமும்."

"துணி மாத்தையிலயுமா?"

"அதுக்கு மூடி வச்சிக்கிடலாம். உனக்கு வேண்டாம்னா வேண்டவே வேண்டாம்க்கா. உன் இஷ்டம்தான்."

"அப்பம் மூடச் சொல்லு. ராத்திரி பாக்கட்டும். ராத்திரிதான் ஆளில்லாம கெடக்கு."

படத்தை யார் பார்க்கலாம் என்று கேட்டேன். மகனும் மகளும் என்றாள். பிறகு ஒரு குறிப்பிட்ட வீட்டாரைச் சொல்லி, அவர்களுக்குக் காட்டவே கூடாது என்றாள். யார் என்று நான் சொல்லமாட்டேன். ஞாபகமறதியிலும் சில விஷயம் அழிவதில்லை! கடைசியாக அவளே ஒன்று சேர்த்தாள்: "எனக்குத் தலை சீவிவிடுற பிள்ளைய யாரும் வையப்பிடாது."

ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொன்னேன், அந்த அம்மா அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டார். உடை மாற்றும்போது, குளிப்பாட்டும்போது, டாக்டர் பரிசோதிக்கும்போது நிறுத்த வேண்டும். குரல் பதிவு கூடாது. வெளியே ஒளிபரப்பக் கூடாது - இவையெல்லாம் படிவத்தில் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. கோயில் சாமியாரோ, வக்கீலோ, துணைவரோ பார்க்க வந்தால் நிறுத்தலாம் என்றுகூட இருக்கிறது. வயசானவர்களுக்கும் தனியே பேச ஆள் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அன்று ராத்திரி மதுரைக்காரி சம்மதக் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டாள்.

மிச்ச விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராச் செலவு குடும்பத்துடையது, கரண்ட் மட்டும் இல்லத்துடையது. இன்டர்நெட்டுக்கும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டிவரலாம். அறை வாசலில் 'இந்த அறை மின்னணு முறையில் கண்காணிக்கப்படுகிறது' என்று பலகை வைக்க வேண்டும். ஒளிவுமறைவு கிடையாது. இல்லத்துக்காரர்கள் நம் அனுமதி எழுத்தில் இல்லாமல் பதிவைப் பார்க்கக் கூடாது. கேமராவைத் தட்டிவிடுவதும் பதிவை அழிப்பதும் குற்றம். குழுவில் 'வீடியோவை இங்கே போடு, நாங்களும் பார்க்கிறோம்' என்று எழுதியவர்களுக்கு, அக்காவே பதில் சொல்லிவிட்டாள்.

கேமரா என்ன காட்டியது என்றுதானே எல்லாரும் கேட்கிறீர்கள்? யாரும் அடிக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் விடியக்காலம் மூன்று மணிக்கு அக்கா தானாக எழுந்து நிற்கப் பார்த்து, கட்டில் கம்பியில் மணிக்கட்டை இடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். மணிக்கட்டுக்கு விடை கிடைத்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அதற்கு முன்பு அழைப்பு மணியை அழுத்தியிருக்கிறாள். நாற்பது நிமிஷம் யாரும் வரவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுதான் எழுந்திருக்கிறாள். வேறொரு ராத்திரி, அந்தத் தலை சீவிவிடுகிற பெண் தன் வேலை முடிந்து போகும்போது திரும்பி வந்து போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுப் போனதும் அதில் இருக்கிறது. சண்டை போடப் போன பையன், சண்டை போடாமல் பராமரிப்புக் கூட்டத்தில் போய் நேரத்தைக் காட்டிப் பேசினான். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வந்து அக்காவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார். மணிக்கட்டு கன்றவில்லை.

நாற்பது நிமிஷம் வராதது யார் குற்றம்? அந்த ராத்திரி அந்த வராந்தா முழுவதையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். அவளுக்கு எத்தனை மணி அடித்திருக்கும்? ஓர் அறையில் வைத்த கேமராவுக்கு வராந்தா தெரியாது.

இதை என் பழைய மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் கேரர். அவள் சொன்னது: "டீச்சர், கேமரா இருக்கிற ரூமுக்குள்ள போனா என் கையே எனக்கு வேத்துக் கையா தெரியும். ஒரு பாட்டிக்கு நெத்தியில முத்தம் குடுத்துட்டுத்தான் தூங்க வைப்பேன். கேமரா வச்ச அன்னைக்குக் குடுக்கல. ஆனா ஒரு தடவை மோதிரம் காணோம்னு என்மேல பழி வந்தப்ப, கேமராதான் காப்பாத்துச்சு." இரண்டும் உண்மை. நான் எந்தப் பக்கமும் மார்க் போடவில்லை.

கேமரா ஊழியர் கையிலேயே இருந்தால் என்னாகும் என்பதையும் அங்கே பார்த்துவிட்டார்கள். நர்சிங் ஹோம் ஊழியர்கள் சிலர் முதியவர்களை அலங்கோலமாகப் படமெடுத்து ஸ்னாப்சாட்டில் போட்ட செய்திகள் வந்தன. 2016 ஆகஸ்டில் மத்திய அரசின் அமைப்பே இதைத் தடுக்கக் கட்டளை அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே பொருள்தான். யார் கையில், யார் சம்மதத்தோடு என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

இனி நம்மூர்ப் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களில் எத்தனை பேர் ஊரில் அப்பா அம்மா இருக்கிற வீட்டு ஹாலில் கேமரா மாட்டியிருக்கிறீர்கள்? லீவுக்கு வந்தீர்கள், ஆளைக் கூப்பிட்டீர்கள், ஆணி அடித்தீர்கள், விமானம் ஏறிவிட்டீர்கள். அப்பாவிடம் கேட்டீர்களா? என்னோடு வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியர், எழுபத்தெட்டு வயசு, கணக்கில் புலி. இப்போது ஹாலில் பனியனோடு உட்காரமாட்டார். மாத்திரை போட மறந்தால் துபாயிலிருந்து மைக் வழியாக மகன் குரல் வருகிறதாம். "வீட்டுக்குள்ள இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவருடைய அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். வீட்டில் அம்மாவுக்குப் பணிவிடை செய்யும் பெண்ணைச் சம்மதம் கேட்காமல் படுக்கையறையில் கேமரா வைக்கிறவர்கள் இதையும் ஒருமுறை நினையுங்கள். அவளும் அந்த அறையிலேயே உடை மாற்றலாம். எங்கள் வீட்டில் மகன் கேட்டபோது நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: வாசலில் சரி, ஹாலில் ராத்திரி பத்துக்கு மேல் சரி, சத்தம் பதியக் கூடாது, படுக்கையறைப் பக்கமே வரக் கூடாது. சிரித்தான். அதன்படிதான் மாட்டினான்.

இப்போதைய நிலவரம் இதுதான். கேமரா ஓடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, போலந்துப் பூர்வீகம், கேமராவைத் தன் பக்கம் திருப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அக்காவுக்கு அது தெரியவில்லை. 'அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போயிட்டா' என்கிறாள். அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். புது ஆள் வந்தால் அவர் சம்மதம் எழுத்தில் வரும்வரை கேமராவை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அவர் சம்மதிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. இல்லம் வேறு அறை தருவதாகச் சொல்கிறது. ஆனால் அக்கா கட்டில் ஜன்னலோரம். வெளியே நிற்கிற மரத்தை வேப்பமரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அறை மாற்றினால் எத்தனை நாள் தவிப்பாளோ. தனியறை எடுத்தால் அதற்கான கூடுதல் வாடகையைக் குடும்பமே கட்ட வேண்டும். அது அவனால் முடியாது.

சண்டை இங்கேதான். பாதிப் பேர் 'கடிகாரத்துக்குள் ஒளித்து வை, யாருக்குத் தெரியப்போகிறது' என்கிறீர்கள். வக்கீல் தம்பியும் அதையே எழுதியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் கூடாது என்கிறேன். சட்டத்துக்குப் பயந்து அல்ல. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவரும் உள்பாவாடையைத் துண்டு போட்டு மூடுகிறவராக இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் பார்ப்பது, அக்காவுக்குத் தெரியாமல் பார்ப்பது மாதிரிதான். மருமகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் யோசிக்கிறான். முடிவு அவனுடையது, ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறவன் அவன்.

அதுவரைக்கும் எனக்கு ஓர் உதவி வேண்டும். சிகாகோ, நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் என் பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். மகன் சனி, ஞாயிறு போய்விடுகிறான். செவ்வாயும் வியாழனும்தான் ஆளில்லை. பார்வை நேரத்துக்குள் அரைமணி நேரம் போய்த் தமிழில் பேசிவிட்டு வந்தால் போதும். மணிக்கட்டைப் பாருங்கள், சாப்பிட்டாளா என்று கேளுங்கள், தண்ணீர் கைக்கு எட்டுகிறதா பாருங்கள். போகும்போது பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள். இனிப்பு கொண்டுபோகாதீர்கள், சர்க்கரை இருக்கிறது. முறுக்கு கேட்பாள், பல் இல்லை. தேன்குழலைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் யார் என்று அவள் கேட்டால் 'உங்க தங்கச்சிகிட்ட படிச்ச பிள்ளை' என்று சொல்லுங்கள். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.